இறந்தவர் அடித்த கோல்

எங்கள் ஊர் ஜெனிபாப்போவில் உலகப் புகழ் பெற்ற கால்பந்து வீரர் ஒருவர் இருக்கிறார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவர் நாடறிந்த வீரர். அடுத்த ஊர் பஸ் நிலையத்தில் ‘முன்பு ஏதோ ஆடினாரே, அவர்’. அதற்கும் அடுத்த ஊரில், டயர்க்கடை வைத்திருக்கும் ஒருவருடைய மைத்துனர். அங்கிருந்து ரியோ வரை அவரைப் பற்றி யாரும் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அடல்ஜீசோ. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர் மனைவி இவொனேத்தி மட்டும்தான். அதுவும் கோபம் வந்தால். மற்றவர்களுக்கெல்லாம் அவர் தனஜூரா. முதல் மழைக்குப் புற்றிலிருந்து கிளம்பும், பின்புறம் பெருத்த, சிறகு முளைத்த எறும்புக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். மரவள்ளி மாவோடு வறுத்துத் தின்போம். சின்ன வயதில் மைதானத்தில் அவரைப் பின்னாலிருந்து பார்த்த எவனோ வைத்தது, முதுமை வரை ஒட்டிக்கொண்டது. அவரும் வருத்தப்பட்டதில்லை. பட்டப்பெயர் இல்லாமல் பந்தாடுகிறவனை எங்கள் நாட்டில் வங்கி வேலைக்கு மனுப் போட்டவன் என்றுதான் நினைப்பார்கள்.

இடது பக்கத் தடுப்பாட்டக்காரராகப் பதினேழு வருடம் ஆடினார். பதினான்கு கிளப்புகள். சில கிளப்புகள் அவரைக் கழற்றிவிட்டன. சில, அவர் சேர்ந்த பிறகு இல்லாமலே போயின. ஒரு வருடம் துனிசியாவில் கடலோர ஊர் ஒன்றுக்கு ஆடினார். அங்கே ஒரு மீன்கடையில் அவர் படம் இன்னும் மாட்டியிருக்கிறது என்று அவரே சொல்வார். எங்களுக்கு அதில் ஆர்வமில்லை. ஏனென்றால் அந்தப் பதினான்கில் ஒன்று, ரியோவின் அந்தப் பெரிய கிளப்.

ஒரே ஒரு பருவம். ஆனால் அந்த வருடம்தான் கிளப் மாநிலக் கோப்பையை வென்றது. கோப்பையோடு அணி நிற்கும் படம் நகரசபையில், இறைச்சிக்கடையில், பல் டாக்டர் அறையில், எல்லா இடத்திலும் இருக்கிறது. பின்வரிசையில் தனஜூரா நிற்கிறார். என்ன, படம் எடுத்த நொடியில் முன்னால் நின்ற கேப்டன் கையைத் தூக்கிவிட்டார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் கேப்டனின் அக்குள் இருக்கிறது. ஓரத்தில் ஒரு காது தெரியும். சுதந்திர தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அந்தக் காதைக் காட்டுவார்கள்.

பிறகு, அந்தக் கோல். அரையிறுதியில் தனஜூரா ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். பந்து எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவனுடைய முட்டியில் பட்டு வலைக்குள் போனது. நடுவர் அதை எதிரணியின் சுய கோல் என்று எழுதினார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு ஒருவன் நிம்மதியாக முடி வெட்டிக்கொண்டு போக முடியாது. “அது நேரா வலைக்குத்தான் போயிட்டிருந்துச்சு. அவன் பாட்டுக்கு முட்டியக் கொண்டாந்து வச்சான்” என்று தனஜூரா சொல்வார். உப்புக் குடுவையை, எதிரணியினர் வரிசையாக நின்று போட்ட தடுப்புச் சுவராகவும் வறுத்த பன்றித்தோலைப் பந்தாகவும் வைத்துப் போதையில்லாத நேரத்திலும் விளக்குவார்.

இந்த நிலையில் நகரசபை, மைதானத்துக்குப் புதிதாகக் காங்கிரீட் படிகள் கட்டி முடித்தது. பெயர்தான் இல்லை. சபை உறுப்பினர் ரொபேரியோ, தனஜூராவின் பெயரை வைக்க வேண்டும் என்றார். இளமையில் தனஜூராவோடு ஒரே அணியில் மாற்றுக் கோல்கீப்பராக உட்கார்ந்திருந்தவர். அந்த உட்காரலுக்கும் ஒரு வரலாறு வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எதிர்த்தரப்பில் நின்ற பெயர், காலமான பத்திரப் பதிவாளர் லிபானியோ. மனிதர் வாழ்நாளில் ஓர் ஆட்டம் கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று புகார் கொடுத்தவர். ஆனால் அவருக்கு இரண்டு தகுதிகள் இருந்தன. அவருடைய மூத்த மகள் மேயரின் மனைவி. இளைய மகள் ஜுலெய்தி டீச்சர், சபை உறுப்பினர். மூன்றாவதாக இன்னொரு தகுதியும் இருந்தது. அவர் இறந்துவிட்டார்.

உயிரோடு இருப்பவர் பெயரைப் பொது இடத்துக்கு வைக்கக் கூடாதென்பது நாட்டின் சட்டம். ரொபேரியோ இதைத் தாமதமாகத்தான் படித்தார். நேரே தனஜூரா வீட்டுக்குப் போய், காபியைக் குடித்துவிட்டு, “எல்லாம் பொருந்தி வருதுண்ணே. ஒரே ஒரு தகுதிதான் உன்கிட்ட குறையுது” என்றார்.

விஷயம் பரவிய பிறகு ஊர் தனஜூராவின் உடம்பைப் பற்றி அன்போடு விசாரிக்க ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் எவ்வளவு, அப்பா எந்த வயதில் போனார் என்றெல்லாம் கேட்டார்கள். வெண்ணெய் ரொட்டி விற்கிற பெண் அவருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகப் போட்டாள். தனஜூராவுக்கும் ஆசை இல்லாமலில்லை. மாலையில் மைதான வாசலுக்குப் போய், வெறுமையாக இருந்த பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதில் எத்தனை எழுத்து பிடிக்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டு வைத்திருந்தார். வாழ்க்கையில் ஒரு முறையாவது தன் பெயர் யாரும் கை தூக்கி மறைக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும் என்று இவொனேத்தியிடம் சொன்னாராம். இவொனேத்தி அதைச் சிரிக்காமல்தான் எங்களிடம் சொன்னார்.

ரொபேரியோ சும்மா இருக்கவில்லை. காது மட்டுமல்லாமல் மற்ற உறுப்புகளும் தெரிகிற படம் ஏதாவது இருக்குமா என்று ரியோ கிளப்புக்கே போன் போட்டார். எடுத்த பெண், மைதானத்துக்குப் பெயர் வைக்க என்று கேட்டதும், மறைந்தவருக்கான மரியாதையா என்று விசாரித்தாள். ரொபேரியோவின் மண்டையில் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. “ஆமாம்மா, அப்படித்தான வைக்க முடியும்” என்றார். அந்தப் பெண் மிகவும் வருந்துவதாகச் சொன்னாள். படம் இல்லை என்பதற்காக வருந்துகிறாள் போலும் என்று ரொபேரியோ நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கிளப் தன் இணையப் பக்கத்தில் கறுப்புப் பட்டை போட்டு அறிக்கை வெளியிட்டது. மாநிலக் கோப்பை வென்ற அணியின் தனஜூரா காலமானார், ஆடியவை பத்தொன்பது ஆட்டங்கள், கோல் எதுவுமில்லை, குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம்.

அப்போது தனஜூரா சதுக்கத்து மதுக்கடையில் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார். போனை நீட்டினோம். முழுதும் படித்தார். கிளப் தன் பெயரை எழுதியிருக்கிறது என்பதில் முதலில் முகம் மலர்ந்தது. மறுபடி படித்தார்.

“கோல் எதுவுமில்லையாமே” என்றார்.

செத்துப்போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கிளப்புக்கு உடனே போன் போட்டுத் திருத்தச் சொல்லப் போவதாக எழுந்தவரை, ஓடி வந்த ரொபேரியோ பிடித்து உட்கார வைத்தார். செவ்வாய்க்கிழமை சபை கூடுகிறது. நாடே மதிக்கிற கிளப் ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறது. அதை மறுக்க ஜெனிபாப்போ நகரசபை யார்? தீர்மானம் நிறைவேறட்டும்; புதன்கிழமை காலையில் தனஜூரா தாராளமாக உயிரோடு வரலாம். வைத்த பெயரை எடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அது யாருக்கும் கிடைக்காது.

“நாலு நாள் வாயத் தெறக்காம இரு, அவ்வளவுதான்” என்றார் ரொபேரியோ.

“அந்தக் கோல்?”

“செத்தவன் கோலப் பத்தி எவன்ணே சண்ட போடுவான்? புதன்கிழம பேசிக்கலாம்.”

தனஜூரா யோசித்தார். டொமினோக் கட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அவர் கையில் ஜெயிக்கிற கட்டை இருந்தது என்பதைப் பிறகு பார்த்தோம்.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை ஒலிபெருக்கி கட்டிய கார்தான் தெருத்தெருவாகச் சொல்லும். காலையில் தக்காளி, மாலையில் மரணம். காரோட்டி மனசாட்சி உள்ளவன். தனஜூரா வீட்டு வாசலில் நிறுத்தி, என்ன சொல்லலாம் என்று அவரையே கேட்டான். தனஜூரா ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘கோப்பை வென்ற’ என்பதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லும்படியும், ‘வட்டாரத்தின் இடது கால்’ என்பதைச் சேர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். கார் மூன்று சுற்றுச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் அவருக்கே கண் கலங்கியது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

அன்று மாலை ஊர் துக்கம் கேட்கப் போனது. போகாமல் இருந்தால் செவ்வாய்க்கிழமை சபையில் எவனாவது கேட்பான். உடல் வைக்க வேண்டிய கூடத்தில் உடலே காபி ஊற்றிக் கொடுத்தது. எல்லோரும் அவரைப் பார்க்காமல் இவொனேத்தியிடம் அனுதாபம் சொன்னார்கள். இவொனேத்தி, “இருக்கும்போதும் இப்படித்தான், காபிக்குச் சக்கரய அள்ளிக் கொட்டுவாரு” என்று மட்டும் சொன்னார். பழைய சக ஆட்டக்காரர்கள் சிலர் போனில் அழைத்தார்கள். தனஜூரா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். நல்ல மனிதன் என்றார்கள், வேடிக்கையாகப் பேசுவான் என்றார்கள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பான் என்றார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

துனிசியாவிலிருந்து அந்த மீன்கடைக்காரர் மட்டும் வாய்விட்டு அழுதார். இவொனேத்திக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தனஜூரா போனைப் பிடுங்கி, தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில், நான் சாகவில்லை, யாரிடமும் சொல்லாதே என்றார். அந்தப் பக்கம் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டதாம். அதை விளக்குகிற அளவுக்குத் தனஜூராவுக்குப் பிரெஞ்சு வராது. சொந்த மொழியிலும் அதை விளக்க வராது என்பதுதான் சரி.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க மதுக்கடை டிவி முன்னால் கூடியது. தனஜூராவைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்து, பீர்ப்பெட்டிகளுக்கு நடுவே நிற்க வைத்தோம். எழுபதாயிரம் பேர் உட்காரும் அரங்கம். இரண்டு அணியும் நடுவட்டத்தில் நின்றன. நாங்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினோம். தனஜூராவும் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

நடுவர் விசில் ஊதினார். அரங்கத்தின் பெரிய திரையில் படம் வந்தது. அந்தப் படத்தைத்தான் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். பேருந்து அளவுக்குக் கேப்டனின் அக்குள்; ஓரத்தில் ஒரு காது. வர்ணனையாளர், இவர் எண்பதுகளில் ஆடியவர் என்று பத்து வருடம் முன்னால் தள்ளிச் சொன்னார். ரசிகர்கள் பாதிப் பேர் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கேமராவைப் பார்த்துத் தன் அம்மாவுக்குக் கையசைத்தான். அதற்குள் அடுத்த விசில். நிமிடம் முடிந்துவிட்டது. தனஜூரா இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. டிவியில் சூதாட்டக் கம்பெனி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

“இருபது செகண்டு கூட இருக்காது” என்றான் ஒருவன்.

“காது அவரோடதுதான். நான் எத்தன வாட்டி பிடிச்சுத் திருகியிருக்கேன்” என்றார் இவொனேத்தி.

தனஜூரா பின்வாசல் வழியாகப் போனார். மைதானப் பலகைப் பக்கம்தான் போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இனி அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

செவ்வாய்க்கிழமை மாலை சபை கூடியது. கூட்டம் உள்ளே கொள்ளாததால் வாசலில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தனஜூரா எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையில், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால், தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பத்துப் பேர் அவரை மறைத்து நின்றோம்.

ரொபேரியோ தீர்மானத்தைப் படித்தார். ஊரின் பெயரை நாடறியச் செய்தவர், கோப்பை வென்றவர், அரையிறுதியில் மறக்க முடியாத கோலை அடித்தவர் என்று நீண்டது அது. ஜுலெய்தி டீச்சர் எழுந்து, நேற்றுக் காலை தனஜூரா தன் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தாம் பார்த்ததாகச் சொன்னார். ரொபேரியோ பணிவாகக் கேட்டார்: நூறு வருடப் பாரம்பரியம் உள்ள கிளப் எழுத்தில் கொடுத்திருக்கிறது, டீச்சரம்மா பல் தேய்ப்பதைச் சாட்சியாகக் கொண்டுவருகிறார், சபை எதை ஏற்பது? வேறு யாராவது பார்த்தார்களா என்று சபைத் தலைவர் கேட்டார். தனஜூராவின் பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தலைவர். அன்று காலை அவரோடு சேர்ந்து தண்ணீர்க் குழாயைச் சரி செய்தவர். ஒருவரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

டீச்சர் உட்கார்ந்தார். பார்வைக்குத் தோற்றுப்போனவர் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் தனஜூராவுக்கு நான்காம் வகுப்பு எடுத்தவர். வகுப்பில் எந்தப் பையன் எதற்கு எழுந்திருப்பான் என்பது அவருக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து மறுபடி கை தூக்கினார்.

“கிளப் சொல்றத நம்புவோம்னு ரொபேரியோ சொல்றாரு. சரி, நம்புவோம். அதே கிளப், அதே அறிக்கையில, கோல் எதுவுமில்லன்னு சொல்லியிருக்கு. இறந்தாருன்னு சொன்னதுக்கு மட்டும் கிளப் வேணும், கோலுக்கு வேணாமா? தீர்மானத்துல அந்த ஒரு வரிய எடுத்துடுங்க. நானே ஓட்டுப் போடறேன். ஒருமனதா நிறைவேறட்டும்.”

சபையில் சலசலப்பு எழுந்தது. எதிர்ப்பே இல்லாத வெற்றி இது. ரொபேரியோ ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“எடுத்துடலாம் தலைவரே. அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல” என்று அவர் சொன்னது ஒலிபெருக்கியில் தெருவெல்லாம் கேட்டது.

எடை இயந்திரம் கீழே சாய்ந்தது. தனஜூராவை நாங்கள் பிடிக்கப் பார்த்தோம். பதினேழு வருடம் மற்றவர்களைத் தாண்டவிட்டவர், அன்று எங்கள் பத்துப் பேரையும் தாண்டினார். படியேறி, கதவைத் தள்ளி, நகரசபை நடுவில் ரப்பர் செருப்போடு போய் நின்றார். உள்ளே உறுப்பினர்கள் எல்லோரும் ஓட்டுக்காகக் கை தூக்கியிருந்தார்கள். தூக்கிய கை தூக்கியபடி இருந்தது.

“அந்த வரிய எடுக்கக் கூடாது” என்றார்.

தலைவருக்கு விதி என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர் அல்லாதவர் பேசினால் யாரென்று கேட்டாக வேண்டும். குழாய் சரி செய்த கையைக் கீழே போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்க யாரு?” என்றார்.

ரொபேரியோ ‘வேண்டாம்’ என்று கண்ணால் கெஞ்சினார். யாருமில்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்பியிருக்கலாம். எவனோ குடிகாரன் என்று குறித்துக்கொண்டு சபை அடுத்த வேலையைப் பார்த்திருக்கும். பலகையில் எழுத்து ஏறியிருக்கும்.

“அந்தக் கோல அடிச்சவன்” என்றார் தனஜூரா.

பிறகு தலைவர் மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியைச் சுவராகவும், மணியைப் பந்தாகவும் வைத்து விளக்க ஆரம்பித்தார். பந்து எந்த உயரத்தில் போனது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, அந்த முட்டி எங்கிருந்து வந்தது எல்லாம் சொன்னார். நன்றாகவே சொன்னார். முடிகிற வரை டீச்சர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் குறிப்பெடுப்பவரைப் பார்த்து, “பதிவு பண்ணிக்கங்கம்மா. காலமானவர் வந்து பேசினார்னு” என்றார். தீர்மானம் சட்டப்படி விழுந்தது. அடுத்த பத்து நிமிடத்தில் மைதானம் பத்திரப் பதிவாளர் லிபானியோவின் பெயரைப் பெற்றது. தனஜூரா இன்னும் ஜாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொபேரியோ அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு பேசியபோது, தீர்மானத்தைக் கிழிக்காமல் பத்திரமாக வைத்திருப்பதாகவும், வேளை வரும்போது கோல் வரியோடு அப்படியே தாக்கல் செய்துவிடலாம் என்றும் சொன்னார். தனஜூரா அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார். கிளப் தன் அறிக்கையை இதுவரை திருத்தவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் அவர் செத்தது செத்ததுதான்.

மைதானத் திறப்பு விழாவுக்கு எல்லோரும் போனோம். வாசலில் பதிவாளரின் படம். முகம் முழுசாக, மூக்குக் கண்ணாடியோடு. ஆட்டத்துக்கு முன்னால் அவர் நினைவாக ஒரு நிமிட மௌனம் அறிவித்தார்கள். நடுவர் உள்ளூர்ப் பையன், மேயருக்குத் தூரத்து உறவு. மேளம் இல்லை, கைபேசி இல்லை; வேலிக்கு அப்பால் ஒரு மாடு கத்தியது, அவ்வளவுதான். தனஜூரா எழுந்து நின்றார். நெஞ்சில் வலது கையை வைத்திருந்தார். இடது கையை மெல்லத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்ன பாக்கற?” என்று இவொனேத்தி கிசுகிசுத்தார்.

விசில் வரும் வரை அவர் பதில் சொல்லவில்லை. வந்த பிறகு உட்கார்ந்து, முன்வரிசைத் தலைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“முழு நிமிஷமும் குடுத்தான்.”